காரணவர் முதல் மனுதாரர் வரை

முதியவர்களைப் பத்திரிகையும் சினிமாவும் எப்படிக் காட்டுகின்றன என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் முதலில் ஜப்பானைத்தான் இழுத்து வருவார்கள். அங்கே நூறில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அங்கிருந்து நமக்கு வந்து சேரும் படங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒகினாவாத் தீவில் தோட்டத்தைக் கொத்திக்கொண்டே சிரிக்கும் நூறு வயதுப் பாட்டி ஒன்று. டோக்கியோ அடுக்குமாடியில் இறந்துபோய், வாரக்கணக்கில் ஒருவரும் கதவைத் தட்டாமல் கிடந்த கிழவர் மற்றொன்று. முதல் படத்தைப் பார்த்தால் கீழைநாட்டுப் பண்பாடு என்று மெச்சுகிறோம். இரண்டாவதைப் பார்த்தால் காலம் கெட்டுப்போச்சு என்று உச்சுக் கொட்டுகிறோம். மெச்சுவதற்கும் உச்சுக் கொட்டுவதற்கும் அடியில் கிடப்பது ஒரே அனுமானம். ஒரு சமூகம் தன் மூத்தவர்களை எப்படிச் சித்திரிக்கிறதோ அதுதான் அவர்கள்மேல் அது வைத்திருக்கும் அன்பின் அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த அனுமானம் நிற்காது என்பது என் கட்சி. மூத்தவரின் சித்திரம் மாறுவதற்கு முக்கியக் காரணம் அவர் கையிலிருக்கும் உடைமை, அந்த உடைமையைப் பற்றி நாட்டில் இருக்கும் சட்டம். அன்பு கூடுவதும் குறைவதும் அதற்குப் பிறகுதான் கணக்கில் வரும். இதை நிறுவ ஜப்பானைவிடத் தோதான இடம் குழித்துறை.

விளவங்கோடு வட்டத்தின் தலைமையிடமான குழித்துறை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். திருவனந்தபுரம் இங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். சென்னை எழுநூறுக்கும் மேல். மலையாளமும் தமிழும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் இந்த வட்டாரத்தில் இரண்டு மொழிப் பத்திரிகைகளும் இரண்டு மொழிப் படங்களும் புழங்கின. அதைவிட முக்கியம், ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் இந்த நிலப்பரப்பில் நூறு ஆண்டுகளாகக் கிழவர்களையும் கிழவிகளையும் எழுத்தில் பிடித்து வைத்தவர்கள் வரிசையாக இருந்திருக்கிறார்கள். தேரூரில் கவிமணி, நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி, இரணியல் மண்ணை எழுதிய நீல பத்மநாபன், குழித்துறை ஆறு கடலில் விழும் தேங்காய்ப்பட்டணத்தில் தோப்பில் முஹம்மது மீரான். (நாஞ்சில் நாடு என்றால் கறாராகக் கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள்தான், விளவங்கோட்டை அதோடு சேர்த்தால் இரண்டு பக்கத்துக்காரர்களும் முகம் சுளிப்பார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்த எல்லைத் தகராறு வேண்டாம்.)

முதலில் காரணவர். மருமக்கள் வழி என்ற வாரிசு முறையில் சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்குப் போகும். தறவாடு எனப்படும் தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் மூத்த ஆண் காரணவர். நிலம் அவருடைய சொந்தமல்ல. ஆனால் பாட்டம் வசூலிப்பது, பத்தாயத்தைத் திறப்பது, யாரைப் படிக்க வைப்பது, எந்தப் பெண்ணை எங்கே கொடுப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். இளையவன் பாகம் கேட்டு வழக்குப் போட முடியாது. ஆக, இங்கே முதுமை என்பது உடம்பின் நிலையாக இருந்ததோடு ஒரு பதவியாகவும் இருந்தது. அச்சு ஊடகம் இந்தப் பதவியில் இருந்தவரை எப்படி வரைந்தது? 1889-இல் வெளிவந்த 'இந்துலேகா' நாவலில் ஒ. சந்துமேனன் படைத்த பஞ்சுமேனன் முன்கோபி. ஆங்கிலம் படித்த மருமக்களோடு மல்லுக்கு நிற்கிறவர். பேத்தியை ஒரு பணக்கார நம்பூதிரிக்குத் தள்ளிவிடப் பார்க்கிறவர். வாசகர்கள் சிரித்தார்கள். இரண்டே ஆண்டில், 1891-இல் அமைந்த மலபார் திருமணக் கமிஷனில் அதே சந்துமேனன் உறுப்பினர். 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. நாவலாசிரியரும் சட்டம் பற்றிச் சான்று எடைபோட்டவரும் ஒரே ஆள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

தமிழில் இதற்கு இணை கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. 1917, 1918 ஆண்டுகளில் 'தமிழன்' பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்தது. புத்தகமாக வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, 1942-இல். அதாவது முதலில் அது பத்திரிகைச் சமாச்சாரம். நாஞ்சில் வேளாளர் வீடுகளில் அடுத்த இதழுக்காகக் காத்திருந்து படிக்கத் தகுந்த அளவுக்கு அக்கம்பக்கத்து வாடை அதில் இருந்தது. கதை சொல்கிறவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. கணவனுடைய சொத்து அவளுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ முழுதாக வராது. வழக்கப்படி பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சிறு பங்குக்கு உகந்துடைமை என்று பெயர். கைம்பெண்ணின் ஜீவனத்துக்கு நங்குடைமை. இவ்விரண்டைச் சுற்றித்தான் அவள் கவலை முழுவதும். புராணம் போலப் படலம் படலமாகப் பிரித்துக்கொண்டு, புராணத்தில் தெய்வம் இருக்க வேண்டிய இடத்தில் காரணவரையும் அவர் மருமகனையும் உட்கார வைத்தது கவிமணியின் குறும்பு. 'மாமி அரசியற் படலம்' என்று ஒன்று. வீட்டின் மூத்த பெண் நடத்தும் ஆட்சியைப் பற்றியது. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று இன்னொன்று. கோடு என்றால் இங்கே கோர்ட்டு. வழக்காடி வழக்காடியே குடும்பம் அழிந்த வரலாறு. சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் இது கணக்கு வழக்கோடு எழுதப்பட்ட புகார்ப் பட்டியல். 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து, சொத்து மனைவி மக்களுக்குப் போக வழி திறந்தபோது, கவிமணியின் நூலுக்கும் அதில் பங்குண்டு என்று பேசிக்கொண்டார்கள். பங்கு எவ்வளவு என்று அளக்க முடியாது. ஆனால் சட்டசபையில் பேசியவர்கள் ஒரு காரணவரின் முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேச முடிந்ததற்கு ஒன்பது ஆண்டு முந்திய அந்தப் பத்திரிகை உதவியிருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கவிமணியும் சந்துமேனனும் கேலி செய்தது ஒரு சொத்து முறையைத்தானே, முதுமையை அல்லவே என்று. நியாயமான கேள்வி. கவிமணியே நன்மக்கள் போற்றும் பெரியவராக மூத்து, 1954-இல் புத்தேரியில் காலமானவர். கிழவர்கள்மேல் அவருக்கு என்ன பகை? ஆனால் முறை என்பது கண்ணுக்குத் தெரியாது. மருமக்கள் வழி முறைக்கு உருவம் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு ஆளைக் காட்டியாக வேண்டும். அந்த முறை அதிகாரத்தை வயதின்படி வைத்ததால் அந்த ஆள் கிழவராகத்தான் இருக்க முடியும். இளம் காரணவர் என்று ஒருவர் விதிவிலக்காக இருந்திருக்கலாம். கேலிச்சித்திரத்துக்கு அவர் உதவமாட்டார். அதனால் சொத்து முறைமேல் எறிந்த கல் முதுமையின் முகத்தில் விழுந்தது. 1910-களில் இந்த வட்டாரத்துப் பத்திரிகை வாசகர் ஒருவருக்கு அச்சில் கிடைத்த கிழவர், பெரும்பாலும் பயப்பட வேண்டிய, பார்த்துச் சிரிக்க வேண்டிய கிழவர். இரக்கப்பட வேண்டியவராக அவர் இன்னும் வரவில்லை.

இரக்கம் வந்தது சட்டத்துக்குப் பிறகு. திருவிதாங்கூரில் 1925-இன் நாயர் சட்டம் தாவழிகளை, அதாவது தறவாட்டின் தாய்வழிக் கிளைகளை, பிரித்தது. ஆள்வீதம் பங்கு வைக்க வழி பிறந்ததும் தறவாடுகள் மளமளவென்று துண்டாயின. எஞ்சியிருந்த கூட்டுக்குடும்ப உரிமையையும் கேரளம் 1975-இன் சட்டத்தால் துடைத்தது. அதன் பின் வந்த படங்களைப் பாருங்கள். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' 1981-இல் வந்தது. அதில் கரமனை ஜனார்த்தனன் நாயர் நடித்த உண்ணிக்குக் கிழட்டு வயதுகூட இல்லை. ஆனால் காரணவரின் நாற்காலி, காரணவரின் சோம்பல், காரணவரின் கூப்பிடும் குரல் எல்லாம் அவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஏவலுக்கு ஆளும் நிலமும்தான் இல்லை. பத்மராஜனின் 'திங்களாழ்ச்ச நல்ல திவசம்' 1985. கவியூர் பொன்னம்மா நடித்த அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். இளைய மகனுக்கு வீட்டை விற்க வேண்டும். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். மருமக்கள் வழியில் இந்தக் கதைக்கே இடமில்லை. அங்கே அந்த வீடு தாய்வழிக்கு உரியது. வேலைக்குப் போன இடத்திலிருந்து வந்த மகன் அதை விலைபேச முடியாது. தனிச்சொத்து வந்த பிறகுதான் அம்மா நாதியற்றவளாக முடிந்தது. படம் பார்த்தவர்கள் பிள்ளைகளின் மனச்சாட்சியைப் பற்றிப் பேசினார்கள். கதையை நகர்த்துவதோ பத்திரம்.

இதை வைத்துக்கொண்டு ஜப்பானைத் திரும்பிப் பார்த்தால் அந்தப் பக்கமும் துலங்குகிறது. 1898-இன் மெய்ஜி சிவில் சட்டம் குடும்பத் தலைவருக்குக் காரணவரே பொறாமைப்படும் அதிகாரங்களைத் தந்தது: யார் எங்கே வசிப்பது, யார் யாரை மணப்பது என்பதற்குக்கூட அவர் ஒப்புதல் வேண்டும். குடும்பச் சொத்து தலைமையோடு சேர்ந்து ஒரே வாரிசுக்கு, பொதுவாக மூத்த மகனுக்குப் போகும். அந்தச் சட்டம் நடப்பிலிருந்த காலத்து இலக்கியத்தில் மகன்கள் தகப்பன்களோடு மோதினார்கள். ஷிகா நவோயா தன் தந்தையுடனான நெடும் பகையையும் சமாதானத்தையும் வைத்து எழுதிய 'வகாய்' கதை 1917-இல் வந்தது, கவிமணி 'தமிழன்' இதழில் எழுதத் தொடங்கிய அதே ஆண்டு. போருக்குப் பின் 1947-இல் சிவில் சட்டம் திருத்தப்பட்டுக் குடும்பத் தலைமை என்ற பதவியே ஒழிந்தது. 1953-இல் இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' படம். ஒனோமிச்சியிலிருந்து கிழத் தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். டாக்டர் மகனுக்கு நேரமில்லை. அழகு நிலையம் நடத்தும் மகள் அவர்களை அதாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிக் கைகழுவுகிறாள். போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ மட்டும் அன்பாக இருக்கிறாள். உலகமே இதைப் பாசம் வற்றிய நகரத்தின் கதையாகப் பார்த்தது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்தத் தகப்பனிடம் பிள்ளைகளை அதட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. தாய் இறந்த பிறகு மகள் அம்மாவின் உடுப்புகளை எனக்கு என்கிறாள். தகப்பன் மனைவியின் கைக்கடிகாரத்தை எடுத்து மருமகளிடம் கொடுக்கிறார். அவர் இஷ்டப்படி ஒருவருக்குக் கொடுக்க முடிந்த சொத்து படத்தில் அது ஒன்றுதான். 1947-க்கும் 1953-க்கும் ஆறு ஆண்டு, 1975-க்கும் 1981-க்கும் ஆறு ஆண்டு என்பது வெறும் தற்செயல். அதில் கணக்குப் போட வேண்டாம். வரிசை மட்டும் தற்செயல் இல்லை. கோபமான சித்திரம் சட்டத்துக்கு முன்னால் வருகிறது, பரிதாபமான சித்திரம் சட்டத்துக்குப் பின்னால்.

சரி, மருமக்கள் வழி என்பது நாயர்களுக்கும் நாஞ்சில் வேளாளர்களுக்கும் இருந்த வழக்கம். குழித்துறையைச் சுற்றி வாழ்கிறவர்களில் பெரும்பகுதி அந்த வழியில் வராத நாடார்கள், கிறிஸ்தவர்கள், மீனவர்கள். அவர்களுக்கு இந்த வாதம் எப்படிப் பொருந்தும்? இந்த மறுப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964-இல் வந்த நாவல், பனைவிளைக் கிறிஸ்தவக் குடும்பம், கதாநாயகி லிஸி. அவளுடைய தாத்தா கண்ணப்பச்சி பழைய பெருமையின் மிச்சம். வீடு இற்றுக்கொண்டிருக்கிறது, பிள்ளைகளில் யாரும் தேறவில்லை, ஆனாலும் பேத்தி பனையேறியின் மகனை விரும்பலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் கௌரவம் அந்தப் பாழ்வீட்டிலிருந்து புறப்படுகிறது. ஹெப்சிபா கண்ணப்பச்சியைக் கேலியும் செய்யவில்லை, தலையில் தூக்கியும் வைக்கவில்லை. அதிகாரம் பாதி போய்ப் பாதி இருக்கும் நிலையை அவ்வளவு துல்லியமாக வேறு யாரும் பிடிக்கவில்லை என்பேன். 1990-இல் வந்த ஜெயமோகனின் 'ரப்பர்' விளவங்கோட்டு மலையோரத்துக் கதை. காடு வெட்டி ரப்பர் நட்டுப் பெருநிலக்காரரான பெருவட்டர் நோய்ப் படுக்கையில் கிடக்கிறார். அவர் சேர்த்ததெல்லாம் பிள்ளைகள் கையில் கரைகிறது. வாசகனின் அருவருப்பும் இரக்கமும் அந்தப் படுக்கையைச் சுற்றியே சுழல்கின்றன. தோப்பில் முஹம்மது மீரானுக்கு 1997-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிக் கொடுத்த 'சாய்வு நாற்காலி' இன்னும் நேரடியானது. சவ்தா மன்ஸிலின் முஸ்தபாகண்ணு சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்று நாக்குக்கு ருசியாகச் சாப்பிடுகிறார். மூன்று நாவல், ஒரே சமயமல்ல, ஒரே வாரிசு முறையுமல்ல. மூன்றிலும் கிழவரின் சித்திரம் வீட்டின் நிலையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. மருமக்கள் வழி இந்த உறவைச் சட்ட வாசகமாக எழுதி வைத்ததால் அங்கே பளிச்சென்று தெரிகிறது. மற்ற இடங்களில் அது எழுதப்படாமல் நடந்தது.

கிழவிகளின் கதை வேறு தடம் என்று தோன்றலாம். தாழக்குடியில் ஔவையாரம்மன் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கொழுக்கட்டை அவித்துப் படைப்பார்கள். ஒரு கிழவியைக் கிழவியாகவே கும்பிடும் ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது. ஜெமினியின் 'ஔவையார்', 'டோக்கியோ ஸ்டோரி' வந்த அதே 1953-இல் வெளியாகி, கே.பி. சுந்தராம்பாளைத் தமிழ்நாடு முழுவதற்கும் பாட்டியாக்கியது. சொத்துக்கும் சித்திரத்துக்கும் முடிச்சுப் போடுகிறாயே, ஔவைக்கு என்ன சொத்து, என்று கேட்கலாம். அதுவே என் பதிலும். ஔவைக்கு வீடில்லை, கணவனில்லை, பிள்ளையில்லை, பங்கு பிரிக்க ஒன்றுமில்லை. கல்யாணத்திலிருந்து தப்பவே இளமையைக் கொடுத்துக் கிழத்தன்மையை வாங்கிக்கொண்டவள் என்பது கதை. அவளால் யாருக்கும் எந்த நஷ்டமும் வராது. ஆகவே தாராளமாகக் கும்பிடலாம். அவளுக்குப் பக்கத்தில் கவிமணியின் மாமியை வைத்துப் பாருங்கள். இவளும் கிழவிதான், ஆனால் இடுப்பில் சாவி இருக்கிறது. இவளுக்குக் கிடைத்தது ஒரு படலம் முழுக்கக் கேலி. நீல பத்மநாபன் 1968-இல் எழுதிய 'தலைமுறைக'ளின் உண்ணாமலை ஆச்சி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாள். பேரன் திரவிக்குக் குலக்கதைகளைச் சொல்லி வளர்க்கிறவள், அதே நேரம் குல வழக்கங்களின் காவல்காரி. கதை சொல்லும்போது அவள்மேல் நமக்குப் பிரியம் பொங்குகிறது; வழக்கத்தைச் சொல்லி வீட்டை ஆட்டும்போது அது சுருங்குகிறது. 'ஒரு புளியமரத்தின் கதை'யின் தாமோதர ஆசான் ஆண்களில் இதற்கு இணை. ஆசானிடம் கொடுக்கவும் பிடுங்கவும் கதையைத் தவிர ஒன்றுமில்லை. சுந்தர ராமசாமி அவரை எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள்.

சடங்கைச் சொல்லி ஒரு மறுப்பு உண்டு. குழித்துறை ஆற்றங்கரையில் ஆடி அமாவாசைக்கு வாவுபலி நடக்கிறது. விடிகாலையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றில் முங்கி, எள்ளும் பச்சரிசிச் சோறும் வைத்து, போன மூத்தவர்களுக்குப் பலி இடுகிறார்கள். நகராட்சி அதையொட்டி நடத்தும் பொருட்காட்சிக்கு ஏறக்குறைய நூறு வயது. ராட்டினமும் நாற்றுக்கடைகளும் பாத்திரக் கடைகளும் பக்கத்தில் களைகட்ட, பலியிட்ட ஈரவேட்டியோடு ஜனங்கள் சந்தைக்குள் நுழைவார்கள். இவ்வளவு மரியாதை செய்யும் ஊரில் எல்லாவற்றையும் சொத்தாகவே பார்ப்பது கொச்சை இல்லையா என்று கேட்டால், மரியாதையை நான் மறுக்கவில்லை. ஆனால் பிண்டத்துக்கும் வாரிசுரிமைக்கும் உள்ள முடிச்சு நான் போட்டதில்லை. வங்காளத்துத் தாயபாக மரபு, பிண்டம் இடும் தகுதியையே சொத்துரிமைக்கு அளவுகோலாக வைத்தது. யார் வாங்கிக்கொள்கிறானோ அவன் செய்யக் கடமைப்பட்டவன் என்பது நம் தரும சாத்திரக்காரர்களே வெட்கமில்லாமல் எழுதி வைத்த ஏற்பாடு. தவிர, பலி வாங்கும் மூத்தவர் பத்தாயச் சாவியைக் கேட்கமாட்டார்.

இனி இரக்கத்தின் பக்கம். தமிழ்த் திரை இதில் பணக்காரத் துறை. 1970-இன் 'வியட்நாம் வீடு' முதலில் மேடை நாடகம். பிறகு படமாகி, சிவாஜி கணேசன் நடித்த பிரஸ்டீஜ் பத்மநாபனாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அங்கே நிலமில்லை, சம்பளம்தான் தறவாடு. ஓய்வு பெற்ற நாளோடு பத்மநாபனின் குரல் வீட்டில் எடுபடாமல் போகிறது. பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' தூரதர்ஷன் வழியே வீடுகளுக்கு வந்தது. மனைவியை இழந்து, நகரத்தில் உறவினர் வீட்டின் நெருக்கடிக்குள் ஒரு வாய் சோறாகக் கூடிப்போன சொக்கலிங்க பாகவதர். இந்தப் பரிதாபச் சித்திரங்களும், கவிமணியின் கேலியைப் போலவே, யாரிடமோ எதையோ கேட்கின்றன. ஜப்பானில் சவாகோ அரியோஷியின் நாவலொன்று 1972-இல் வந்து பரபரப்பாக விற்றது. நினைவு தப்பிய மாமனாரை மருமகள் பராமரிக்கும் கதை. 1973 ஜனவரியில் முதியோருக்கு இலவச மருத்துவம் அங்கே நாடளாவியதாயிற்று. நாவலால் சட்டம் வந்தது என்று சொல்ல முடியாது. மசோதா ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: கிழவரிடம் வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லாதபோது அவரைப் பார்த்துக்கொள்வது யார் செலவு? சென்னை மாநிலம் அந்தக் கேள்விக்கு 1962-லேயே முதியோர் ஓய்வூதியம் என்று ஒரு சிறு பதில் எழுதியிருந்தது.

அன்புதான் அடிப்படை என்பவர்களுக்கு ஜப்பானியர்களே கொடுத்த கடுமையான பதில் 'நரயாமா' கதை. கினோஷிடா 1958-இல் ஒரு முறையும், இமாமுரா 1983-இல் மறுமுறையும் அதைப் படமாக்கினார்கள். இரண்டாவது கான் விழாவின் உயர்ந்த விருதைப் பெற்றது. பஞ்சம் பிடித்த மலைக்கிராமத்தில் எழுபதைத் தொட்டவர்களை மகனே முதுகில் சுமந்துபோய் மலையில் விட்டுவிட வேண்டும். 69 வயது ஓரின் கிழவிக்குப் பற்கள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன. தின்னத் தெரிந்த கிழவி என்று ஊர் சிரிக்கிறது. அவள் தன் முன்பற்களைத் தானே கல்லில் மோதி உடைத்துக்கொள்கிறாள். மகனுக்கு அவள்மேல் பாசம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. படத்தின் வலியே அந்தப் பாசம்தான். பாசம் இருந்தது, தானியம் இருக்கவில்லை. அப்படியொரு வழக்கம் ஜப்பானில் பரவலாக இருந்ததற்குத் திடமான சான்றில்லை, அது பெரும்பாலும் கதை மரபு. இதற்கு நேர்மாறான செய்தி 2010-இல் டோக்கியோவின் அடாச்சி வட்டாரத்திலிருந்து வந்தது. 111 வயது என்று பதிவேட்டில் வாழ்ந்துகொண்டிருந்த ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே தம் அறையில் இறந்துபோயிருந்தார். ஓய்வூதியப் பணம் மட்டும் குடும்பத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு கிழவியை மலைக்கு அனுப்பியதும் ஒரு கிழவரைச் செத்த பிறகும் வீட்டிலேயே வைத்திருந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஜப்பானிய அரசும் கணக்குப் பார்க்கத்தான் செய்கிறது. 1963-இல் நூறு வயதை எட்டியவர்கள் 153 பேர் இருந்தபோது ஆளுக்கொரு வெள்ளிக் கிண்ணம் வழங்கும் வழக்கம் தொடங்கியது. நூறு வயதுக்காரர்கள் பல்லாயிரமாகப் பெருகியதும், 2016 முதல் அது வெள்ளி முலாம் பூசிய கிண்ணமாயிற்று.

குழித்துறைப் பக்கத்தில் இன்று மூத்தவர்களின் படம் அச்சில் அதிகம் வருவது நினைவஞ்சலி விளம்பரங்களிலும் முச்சந்தி ஃபிளக்ஸ் பலகைகளிலும்தான். படத்துக்குக் கீழே மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பட்டியல். பல பெயர்களை ஒட்டி துபாய், மஸ்கட், லண்டன் என்று ஊர். காரணவர் காலத்தில் மூத்தவரின் மதிப்பு நிலத்தின் பரப்பில் இருந்தது. இப்போது பிள்ளைகள் போய்ச் சேர்ந்த தூரத்தில் இருக்கிறது. ரப்பர் விலையும் வளைகுடாப் பணமும் எழுப்பிய பெரிய வீடுகள் பலவற்றில் இரண்டே பேர் இருக்கிறார்கள். அந்த வீட்டை எழுதிக் கொடுத்தாயிற்றா இல்லையா என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தகவல். 2007-இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இந்த இடத்தில்தான் புகுந்தது. அதன் 23-ஆம் பிரிவின்படி, பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளாமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். சட்டம் போட்டவர்கள் பாசத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. முதுமையின் பலம் எதில் இருக்கிறது என்று கவிமணியின் ஐந்தாம் மனைவிக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இதனால் பத்திரிகையில் மூன்றாவதாக ஒரு சித்திரம் உருவாகி வருகிறது. மகன் பெயருக்கு எழுதிய தானப் பத்திரம் ரத்து, மூதாட்டிக்கே வீடு திரும்பக் கிடைத்தது என்ற மாதிரிச் செய்திகள் தமிழ்ப் பத்திரிகைகளின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி தட்டுப்படுகின்றன. இதில் வரும் முதியவர் கொடுங்கோலரும் அல்லர், நிராதரவான பாத்திரமும் அல்லர். மனுதாரர். கோட்டாட்சியர் முன்னால் பத்திர நகலோடு நிற்கிறவர். விளவங்கோட்டுக்காரர் என்றால் பத்மநாபபுரம் போக வேண்டும். சினிமாவுக்கு இந்த ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அழ வைக்கவும் முடியாது, சிரிக்க வைக்கவும் முடியாது. பிள்ளைமேல் வழக்குப் போட்ட தாயை வாழ்த்துவதற்கு நம் வசனகர்த்தாக்கள் இன்னும் தயாரில்லை. ஒருவேளை வருகிற பத்தாண்டுகளில் யாராவது எழுதலாம்.

ஆனால் அப்போதும் ஒரு கூட்டம் விடுபடும். முந்திரி ஆலைகளில் நாள் முழுக்கக் கொட்டை உடைத்துக் கைரேகை கரிந்துபோன பெண்கள், பனையிலிருந்து இறங்கிய பிறகு வேறு வேலை தெரியாத ஆண்கள், பிறர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள். இவர்கள் காரணவராக இருந்ததில்லை என்பதால் கேலிக்கு உரியவர்களாகவில்லை; இழக்க வீடில்லை என்பதால் குடும்பப் படத்தின் கண்ணீருக்கும் உரியவர்களாகவில்லை. பனையேறிகள் இளமையில் நாவல்களுக்குள் வருகிறார்கள். அவர்கள் கிழவர்களானதை எழுதியவர்கள் மிகச் சிலர். பிள்ளையிடம் வருமானம் இருந்தால் 2007 சட்டத்தின்படி இவர்களும் ஜீவனாம்சம் கேட்கலாம், மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. பிள்ளையும் கூலிக்காரன் என்றால் கேட்டுப் பயனில்லை. 23-ஆம் பிரிவும் இவர்களுக்கு இல்லை, ரத்து செய்வதற்கு ஒரு பத்திரம் வேண்டுமே. கையில் வருவது 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம்.